காக்ளியர் வைத்தாச்சு, இனி வீட்டில் என்ன செய்யணும்?

காது கேளாத பிள்ளைக்கு உள்காதில் காக்ளியர் கருவி வைக்கும் ஆபரேஷன் முடிந்து புண் ஆறி மூன்று நான்கு வாரத்தில், வெளியே மாட்டும் மெஷினை ஆன் செய்வார்கள். அன்றைக்கே பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் என்று சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சில பிள்ளைகள் வீறிட்டு அழும், சில ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், இரண்டும் சகஜம். இரண்டு வயதில் ஆன் செய்தாலும் காதுக்கு அன்றுதான் முதல் நாள் என்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேச்சோடு ஒப்பிடவே வேண்டாம்.

தூக்கமும் குளியலும் தவிர மற்ற நேரமெல்லாம் மெஷின் தலையில் இருக்கணும். தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டமான காயிலைப் பிள்ளை பிடுங்கிப் போடத்தான் செய்யும், நீங்களும் சளைக்காமல் மாட்டுங்கள். கழன்று விழுந்தாலும் தொலையாதபடி கயிறு கிளிப்பைச் சட்டையில் மாட்டிவிடுங்கள்.

காலையில் மாட்டியதும் ஆறு சத்தம்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பிள்ளை உங்கள் வாயைப் பார்க்காதபடி மெஷின் பக்கம் சற்றுப் பின்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், ஒவ்வொன்றாக, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டால் டப்பாவில் ஒரு கட்டையைப் போடணும், அதுதான் விளையாட்டு. 'ம்'முக்குப் போட்டு 'ஸ்'ஸுக்குச் சும்மா இருந்தால் கீச்சு ஒலிகள் எட்டவில்லை என்று அர்த்தம்; தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

பேச்சுக்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்துவதைவிட, கூடவே பேசிக்கொண்டிருப்பதுதான் பலன் தரும் என்பேன். டிவியை நிறுத்திவிடுங்கள். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் உடனே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், "கேட்டுச்சா? யாரு வர்றா?" என்று காதைத் தொட்டுக் காட்டுங்கள், அப்புறம் மீனைக் காட்டுங்கள். எப்போதும் முதலில் சத்தம், பிறகுதான் பொருள்.

நம் கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றும் புழுக்கமும் மெஷினுக்கு ஆகாது. ராத்திரி கழற்றித் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் வில்லை போட்ட டப்பாவில் வையுங்கள். சில்வர் பீச்சில் அலையில் இறங்கும் முன் கழற்றிவிடணும், மணல் மைக் ஓட்டையில் புகுந்தால் தொல்லை.

இன்னும் ஆபரேஷனே ஆகாதவர்கள் இழுத்தடிக்காதீர்கள். ஆபரேஷன் செலவுக்கு உதவும் மத்திய அரசின் அடிப் திட்டம் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கு 5 வயது வரைதான், தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு 6 வயதுக்குள். அதையும் தாண்டி, சின்ன வயதில் வைத்தால்தான் மூளை ஒலியைச் சுலபமாகப் பழகும்.

மெஷினின் ஒலி அளவைப் பிள்ளைக்கு ஏற்றபடி திருத்தும் மேப்பிங்குக்கு ஜிப்மரோ வேறெங்கோ பஸ் ஏறும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "நல்லாத்தான் கேக்குது சார்" என்று சொல்வதைவிட, 'ஸ்' எட்டாத நாட்களைக் காட்டினால் காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டுக்கு எங்கே திருத்தணும் என்பது புரியும்.