நாசிக் போய் ஒயினரி பிளான் சொதப்பிட்டா அந்த நாளை எப்படி காப்பாத்துறது

நம்ம ராயபுரம், காசிமேடு பக்கத்துல இருந்து ஷீரடி போறவங்க நிறைய பேரு, அங்க இருந்து ஒரு 90 கிலோமீட்டர்தானே, அப்படியே நாசிக் போய் ஒரு ஒயினரி, அதான் திராட்சைல ஒயின் பண்ற எடம், பாத்துட்டு வந்துரலாம்னு பிளான் போடுறாங்க. நாங்களும் அப்படித்தான் போனோம், நான், வீட்டுக்காரி, அத்தை மூணு பேரும். போன தேதி அக்டோபர் 2. மகாராஷ்டிரால அன்னிக்கு ட்ரை டே, அதாவது சரக்கு விக்காத நாள், இடத்தை சுத்திப் பாக்கலாம் டேஸ்டிங் கிடையாதுன்னுட்டாங்க, அது போதாதுன்னு காலைல வரேன்னு சொன்ன கார்காரர் போனே எடுக்கல.

அதனால டிக்கெட் போடும்போதே தேதி பாருங்க. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த மூணு நாளும் ஊத்த மாட்டாங்க, அந்த ஊர்ல எலெக்‌ஷன்னா ஓட்டு முடியுறதுக்கு முன்னாடி 48 மணி நேரமும் கிடையாது. 21 வயசு ஆவலன்னா எந்த நாளும் கிடையாது, ஆதார் கையில இருக்கட்டும்.

சரி, சொதப்பிடுச்சு. ரூம்ல உக்காந்து யாரு மேல தப்புன்னு பேச ஆரம்பிச்சீங்கன்னா மதியம் ஆயிடும். மொதல்ல போய் சாப்புடுங்க. நாசிக்ல காலைல மிசல் பாவ்தான், முளைகட்டுன பயறுல காரமா குழம்பு, மேல சேவு, பொடிசா வெட்டுன வெங்காயம், தொட்டுக்க பாவு, கூட அப்பளம், நம்ம பர்மா பஜார் பக்கம் அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் துன்னு பழகுன நாக்குக்கு உடனே புடிச்சிரும். எண்ணெ மிதக்குற அந்த செவப்பு குழம்பை பெரியவங்களுக்கு கம்மியா ஊத்த சொல்லி தயிர் வாங்கி குடுங்க.

சாப்புடும்போதே ரெண்டு போன். புக் பண்ண எடத்துல காசு திருப்பி கேக்காதீங்க, மறுநாளுக்கு மாத்தி குடுங்கன்னு கேளுங்க, எங்களுக்கு அது அஞ்சு நிமிஷத்துல நடந்துச்சு. அடுத்து வண்டி. ஒயினரிங்க நிறைய இருக்குறது கங்காபூர் டேம் பக்கம், ஊருக்கு வெளிய, போறதுக்கு ஆட்டோ கிடைக்கும், திரும்ப கிடைக்குறது கஷ்டம், அதனால அரை நாளுக்கு பேசி வெயிட்டிங் சேத்து ஒரே ரேட்டா முடிச்சிருங்க.

பெரியவங்க கூட இருந்தா பாண்டவ்லேணி குகை வேணாம், 2000 வருஷம் பழசு, அருமையான எடம்தான், ஆனா படி ஜாஸ்தி. பஞ்சவடி போங்க. அங்க காலாராம் கோயில் முழுக்க கருங்கல்லு, தலித் மக்களை உள்ள விடணும்னு 1930ல அம்பேத்கர் போராட்டம் பண்ணது இந்த வாசல்லதான். நான் அங்க கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு வந்தேன். பக்கத்துலயே கோதாவரி, அதுல ஜனங்க முழுக்கு போடுற ராம்குண்ட்.

அப்புறம் ஒயின் இல்லன்னா என்ன, திராட்சை எங்கயும் போவல. ஊரை விட்டு வெளிய வந்தா ரோட்டோரம் பூரா தோட்டம்தான், வண்டிய ஓரமா நிறுத்தி தோட்டத்துக்காரர் கிட்ட கேட்டுட்டு உள்ள போங்க, நாங்க கேட்டப்போ சந்தோஷமா கூட்டிட்டு போனாரு. பழம் வேணும்னா ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள வரணும், அக்டோபர்ல கவாத்து பண்ற நேரம், அதாவது கொடிய வெட்டி விடுற நேரம், பந்தல் மொட்டையாதான் இருக்கும். ஆனா அதையும் பாக்கணும். வெட்டுன குச்சி நுனியில தண்ணி சொட்டு சொட்டா எறங்குது, வேரு இழுத்து மேல அனுப்புற தண்ணி அது, அத்தை வெரல்ல ஒரு சொட்டு புடிச்சு பாத்தாங்க. பக்கத்து வரிசைல பொம்பளைங்க கையுறை போட்டுகினு ஒவ்வொரு கணுவுலயும் மருந்து தடவினு போறாங்க, மொட்டு எல்லாம் ஒண்ணா வெடிக்கறதுக்கு. அது கடுமையான மருந்து, தடவுன குச்சில கை வெக்காதீங்க, கொழந்தைங்களை புடிச்சுக்குங்க. அத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, "தடைக்காலத்துல நம்மாளுங்க வலை பின்ற மாதிரியே கீது மாப்ள"ன்னாங்க. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் போட் போகாதப்போ காசிமேட்டுல குந்தி வலை பின்றத பாத்தவங்களுக்கு அது புரியும்.

மறுநாள் ஒயினரிக்கு போறப்போ மொத டூருக்கே போங்க, கூட்டம் கம்மி, கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்லுவாங்க. செவப்பு ஒயினுக்கு தோலோட நொதிக்க விடுவாங்க, வெள்ளைக்கு மொதல்லயே சாறு புழிஞ்சிருவாங்கன்னு அங்கதான் தெரிஞ்சுகிட்டேன். ஊருக்கு திரும்புற ரயில் டிக்கெட் சாயங்காலம்னா மதியம் ரெண்டு மணிக்கே கெளம்பிருங்க, நாசிக் ரோட் ஸ்டேஷன் ஊர்ல இருந்து தள்ளி இருக்கு.