நெஞ்சு படபடப்புக்கு அப்லேஷன்: எஸ்டேட் பக்கம் இருக்கிறவங்களுக்கு படிப்படியா

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தடதடன்னு அடிக்க ஆரம்பிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு சுவிட்ச் அணைச்ச மாதிரி சட்டுன்னு நின்னுபோகுதா? அப்போ இது உங்களுக்குத்தான். அப்லேஷன்னா ரத்தக்குழாய் வழியா வயர் விட்டு, இதயத்துல கோளாறான கரண்ட் வழியைச் சூடு வச்சு அடைக்கிற சிகிச்சை. எனக்கு இருந்தது எஸ்விடி, அதாவது இதயத்தோட மேல் பகுதியில ஆரம்பிச்சு திடீர்னு வேகமா ஓடுற துடிப்பு, அதுல ஏவிஎன்ஆர்டின்னு ஒரு வகை. இதயத்துல கரண்ட் இறங்குற இடத்துல ஒரு வழிக்கு ரெண்டு வழி இருக்கும், ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி கரண்ட் வட்டமா சுத்த ஆரம்பிச்சா நிமிஷத்துக்கு 180, 200ன்னு ஓடும். இந்த வகை ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வரும், ஆனா நம்ம பொம்பளைங்க போய் சொன்னா "காத்து, கேஸ்ட்ரிக், மனசு பயம்"னு மாத்திரை கொடுத்து அனுப்பிடுறாங்க, அதனாலதான் இதை உட்கார்ந்து எழுதுறேன்.

முதல் வேலை: ஓடும்போதே ஈசிஜி பிடிக்கணும்

இந்த இடத்துலதான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நான் இருக்கிறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம், எஸ்டேட் ரோட்டுல இருந்து டவுன் கிளினிக்குக்கு வந்து, ஐசி (அடையாள அட்டை) கொடுத்து, நம்பர் எடுத்து, பேர் கூப்பிடுறதுக்குள்ள அடிப்பு நின்னுடும். அப்புறம் எடுக்குற ஈசிஜி சுத்தமா நார்மலா வரும். நின்னதுக்கு அப்புறம் எடுத்த நார்மல் ஈசிஜியை வச்சு எஸ்விடி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க.

அதனால கவுண்டர்ல கதை சொல்லாதீங்க. நேரா "ஜந்துங் சாயா லாஜு செகாராங், தோலோங் புவாட் ஈசிஜி டுலு"ன்னு மலாய்ல சொல்லுங்க, அதாவது "இப்போ என் நெஞ்சு வேகமா அடிக்குது, முதல்ல ஈசிஜி எடுங்க"ன்னு. "செகாராங்" ரொம்ப முக்கியம், இப்போ ஓடிக்கிட்டு இருக்குன்னு புரிஞ்சா எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டன்ட்) உடனே உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைப்பார். வந்த பேப்பரை அங்கேயே போன்ல படம் எடுத்துக்குங்க, அந்த மெஷின் பேப்பர் நாளாக நாளாக வெளுத்துப்போகும்.

ஓடிக்கிட்டே இருந்தா முதல்ல சிரிஞ்சு கொடுத்து ஊதச் சொல்லலாம். 10 மில்லி சிரிஞ்சுல உள்ளே இருக்கிற தண்டு லேசா நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், உடனே மல்லாக்கப் படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிப்பாங்க. 2015ல வந்த ஒரு ஆய்வுல இப்படிக் கால் தூக்கி செஞ்சவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நின்னிருக்கு, தூக்காம ஊதினவங்களுக்கு 17தான். அதுக்கும் நிக்கலைன்னா அடினோசின் ஊசி, சுத்துற கரண்டை ஒரு நொடி தடுத்து நிறுத்துற மருந்து. போட்டதும் சில செகண்ட் நெஞ்சை அமுக்கி உயிரே போற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, அந்த மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்காது. ஊசி போடும்போது ஈசிஜி மெஷினை ஓடவிட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க, அது எப்படி நிக்குதுங்கிறதுலயே டாக்டருக்கு பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

தலை சுத்தல், மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது இதுல எது இருந்தாலும் மோட்டார்ல கிளம்பாதீங்க, 999.

கருவி பத்தி என் கருத்து: கிளினிக்குக்குள்ள நின்னுபோற ஆளா இருந்தா வீட்டுலயே ஈசிஜி எடுக்குற கருவி வாங்குங்க. ஈசிஜி இருக்கிற ஆப்பிள் வாட்ச்சும் செய்யும், ஆனா எனக்குப் பிடிச்சது கார்டியாமொபைல்தான், விரல் வச்சா 30 செகண்ட்ல கோடு வந்துடும், தினமும் சார்ஜ் போடுற தொல்லை இல்லை. விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மீட்டர் நம்பர்தான் காட்டும், ஈசிஜி கோடு காட்டாது, அதை வச்சு டாக்டர்கிட்ட எதையும் நிரூபிக்க முடியாது. 24 மணி நேரம் ஈசிஜி பதிவு பண்ற ஹோல்டர் கருவியை மாட்டினாலும் அன்னைக்குன்னு பார்த்து வராது.

ரெஃபரல்

பேப்பர் கையில இருந்தா இது சுலபம். கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி கடிதம் வாங்கலாம், "இபி டாக்டர்"கிட்ட அனுப்பச் சொல்லுங்க, அதாவது இதயத்தோட கரண்டை மட்டும் பார்க்குற ஸ்பெஷலிஸ்ட். கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஐஜேஎன்ங்கிற தேசிய இதய ஆஸ்பத்திரி, அப்புறம் செர்டாங் ஆஸ்பத்திரி, இந்த மாதிரி பெரிய இடங்கள்லதான் இருப்பாங்க. அரசு ஊழியரோ பென்ஷன்காரரோ வீட்டுல இருந்தா ஜி.எல். கடிதம் (செலவை அரசாங்கம் ஏத்துக்கும்னு கொடுக்குற உத்தரவாதக் கடிதம்) முன்னாடியே ரெடி பண்ணுங்க. காசு கஷ்டம்னா மெடிக்கல் சோஷியல் வர்க்கரைப் பார்க்கணும்னு வாய்விட்டுக் கேளுங்க, கேட்காம யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

அன்னைக்கு

பிசோப்ரோலோல் மாதிரி துடிப்பைக் குறைக்கிற மாத்திரையைச் சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, எத்தனை நாள்னு அவங்க சொல்றதுதான் கணக்கு. ரத்தம் இளக்குற மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது. பட்டினி, இடுப்பு மடிப்புல ஷேவிங், கையெழுத்து. பெரும்பாலும் வலது தொடை இடுக்குல மரத்துப்போற ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியா மெல்லிசா வயர் விடுவாங்க. நான் அரைத் தூக்கத்துல இருந்தேன். வேணும்னே படபடப்பை வரவழைப்பாங்க, அதை யாரும் முன்கூட்டி சொல்லலைன்னா பயந்துடுவீங்க. வரவழைச்சாத்தான் எந்த வழின்னு தெரியும், தெரிஞ்சதும் அந்த இடத்தைச் சூடு வச்சு அடைப்பாங்க. அந்த நேரம் நெஞ்சுல லேசா ஒரு சூடு. அப்புறம் மறுபடி வரவழைச்சுப் பார்ப்பாங்க, வரலைன்னா முடிஞ்சது. ஏவிஎன்ஆர்டிக்கு நூத்துல 95 பேருக்கு மேல சரியாகிடும். சூடு வைக்கிற இடம் இதயத்தோட மெயின் கரண்ட் பாதைக்குப் பக்கத்துல இருக்கிறதால பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வர்ற வாய்ப்பு ஒரு சதவீதமோ அதுக்கும் கீழயோ இருக்கு, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

முடிஞ்சதும் நாலு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காம மல்லாக்கப் படுக்கணும். இருமல், தும்மல் வந்தா அந்த இடத்தைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் பேப்பர்ல "கனமான பொருள் தூக்காதீர்கள்"னு ஒரு வரிதான் இருக்கும், நம்ம வீட்டு நிலைமை அதுல இருக்காது. முதல்ல டாய்லெட். குந்தி உட்கார்ற டாய்லெட்தான் இருக்குன்னா ஒரு வாரத்துக்கு கமோட் நாற்காலி கடன் வாங்குங்க, குந்தும்போது அந்த இடுக்கு அப்படியே மடங்கி அழுத்தும். அடுத்து கப்சாய் மோட்டார், அதாவது நம்ம சின்ன மோட்டார் சைக்கிள். கிக்கர் வலது காலுக்கு இருக்கு, ஊசி போட்டதும் வலது பக்கம், அதனால ஸ்டார்ட் பண்றதை வேற யாராவது செய்யட்டும், இல்லை வண்டியையே ஒரு வாரம் ஓரமா வைங்க. கேஎல்ல இருந்து வரும்போது ஹைவேயில தாப்பா ஆர்.அண்ட்.ஆர்.ல (ஓய்வு எடுக்குற இடத்துல) இறங்கி கொஞ்சம் நடங்க.

ரத்தம் கசிஞ்சா படுத்துக்கிட்டு ஊசி போட்ட இடத்தைப் பத்து நிமிஷம் விடாம அழுத்தி அமுக்குங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. நிக்கலை, வீக்கம் பெருசாகுது, கால் ஜில்லுன்னு ஆகுதுன்னா எமர்ஜென்சி. நீலமா கன்னிப்போனா அது தானா இறங்கும்.

இப்போ யாரும் சொல்லாத விஷயம். முதல் சில வாரம் நெஞ்சு அப்பப்ப ஒரு துடிப்பு தவறி அடுத்தது "டொக்"னு விழும். சில நேரம் பழைய மாதிரி ஓடப்போகுதுன்னு ஆரம்பிச்சு ரெண்டு மூணு துடிப்புல அடங்கிடும். ராத்திரி படுத்து காதைத் தலகாணியில வச்சா அது மட்டும்தான் கேட்கும். நான் அழுதிருக்கேன், எல்லாம் வீணாப்போச்சுன்னு. வீணாகலை. ஆரம்பிக்கிற துடிப்பு வருது, சுத்துறதுக்கு வழி இல்லாததால நின்னுடுது. நிஜமாவே நிக்காம ஓடினா மட்டும் மறுபடி அதே "செகாராங்".

பிறகு சேர்த்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கிற நோய்க்கு) அப்லேஷன் செஞ்சவங்க சிலர் கேட்டிருந்தீங்க. அது வேற இடம், நேரமும் அதிகம் ஆகும். ரெண்டு மூணு மாசம் படபடப்பு வந்து போகலாம், ரத்தம் இளக்குற மாத்திரை கட்டாயம் தொடரணும். சில வாரம் கழிச்சு காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தா பனடோல் போட்டுட்டுப் படுக்காதீங்க, அப்லேஷன் செஞ்சிருக்குன்னு சொல்லி அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. அபூர்வம்தான், ஆனா உயிருக்கு ஆபத்து.

செம்பனைக் குலை தூக்குற ஒரு அண்ணனும் எப்போ வேலைக்குப் போகலாம்னு கேட்டார். அண்ணே, டாக்டர்கிட்ட "எஸ்டேட் வேலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அவருக்கு அது புரியாது. ஒரு குலை இருபது கிலோ வரும், ஒரு நாளைக்கு இத்தனை தூக்குவேன்னு கிலோ கணக்குல சொல்லுங்க. எம்சி (மருத்துவ விடுப்பு) முடிஞ்சதும் லைட் டியூட்டி கடிதம் தனியா கேட்டு வாங்கி, மண்டோர்கிட்ட (மேற்பார்வையாளர்கிட்ட) ஒரு காப்பி கொடுத்துட்டு ஒரிஜினலை நீங்களே வச்சுக்குங்க.