ஒரே டெக்னிக்கல் ரைட்டர், நாலாபக்கமும் வேலை: சமாளிக்கும் வழி

பத்து டீமுக்கு ஒரே டெக்னிக்கல் ரைட்டர் (மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதுபவர்) என்றால் வேலை எந்தப் பக்கமிருந்தும் வரும். ஸ்லாக்கில் ஒரு வரி, மீட்டிங் முடிந்து எழும்போது ஒரு வார்த்தை, சப்போர்ட் டீம் தள்ளிவிட்ட மெயில், அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற "சின்ன ஹெல்ப்". எதையும் மறுக்க வேண்டாம், ஆனால் ஜிரா, கிட்ஹப் மாதிரி வேலையைப் பதிந்து வைக்கும் இடத்தில் டிக்கெட்டாக, அதாவது ஒரு வேலைக் குறிப்பாக, இல்லாத எதையும் தொடவும் வேண்டாம். முதலில் யாரும் டிக்கெட் போட மாட்டார்கள். கொஞ்ச நாள் நீங்களே போட்டு, லிங்க்கை அதே ஸ்லாக் த்ரெட்டில் ஒட்டி, "மீதியை நிரப்பிடுங்க" என்று எழுதுங்கள், சண்டை சச்சரவு இல்லாமல் பழகிவிடுவார்கள்.

நிரப்ப நான்கு கட்டம் போதும்: யார் படிக்கப் போகிறார்கள், என்ன மாறியது, எந்த ரிலீஸ், எழுதியதைச் சரிபார்ப்பது யார். கடைசிக் கட்டத்தில் டீம் பெயரைப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள், ஒரு ஆளின் பெயர் வேண்டும்.

"வெப்ஹுக் பக்கத்தை அப்டேட் பண்ணணும், அர்ஜென்ட்" என்று டிக்கெட் வருகிறது என்று வையுங்கள். (வெப்ஹுக் என்பது ஏதாவது நடந்ததும் நம் சிஸ்டம் வாடிக்கையாளரின் சிஸ்டத்துக்குத் தானாக அனுப்பும் செய்தி.) என்ன மாறியது என்று நோண்டிக் கேட்டால், பதில் வராத அழைப்பை மூன்று முறை திரும்ப அனுப்பிய சிஸ்டம் இனி ஐந்து முறை அனுப்பும் என்பார்கள். எண்ணை மாற்ற ஒரு நிமிடம்தான். ஆனால் ஒரே செய்தி வாடிக்கையாளருக்கு இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால் பணம் இரண்டு தடவை பிடிக்கப்படுமா என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான், அந்தப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை இவ்வளவு நாளாக இல்லாமலே இருந்தது தெரியவரும். கேட்டவருக்கு வேண்டியது ஒரு எண், படிப்பவருக்கு வேண்டியது அந்த எச்சரிக்கை.

ரிலீஸுக்கு முந்தின நாள் வந்து நிற்பவர்களை என்ன செய்வது? குபர்நெட்டிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டத்தின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். டாக்குமென்டேஷன் தேவைப்படும் புது அம்சம் என்றால், குறித்த கெடுவுக்குள் டாக்ஸ் ரெப்போவில் (டாக்குமென்டேஷன் கோப்புகள் இருக்கும் இடத்தில்) ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம், திறந்தாக வேண்டும். உள்ளே ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வரப்போகும் வேலை கண்ணில் பட்டுவிடும். கடைசி வரை டாக்குமென்டேஷன் வரவில்லை என்றால் அந்த அம்சத்தையே ரிலீஸிலிருந்து எடுத்துவிடவும் செய்யலாம். உங்கள் கம்பெனியில் அவ்வளவு அதிகாரம் கிடைக்காது, சரி. டெவலப்பர் டிக்கெட்டில் "டாக்ஸ் தேவையா?" என்று ஒரு கட்டாயக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி புராடக்ட் மேனேஜரை நச்சரியுங்கள், அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

வாரம் ஒருமுறை பட்டியலை உட்கார்ந்து பாருங்கள். படித்தவரின் டேட்டா போகவோ பணம் போகவோ வழிசெய்யும் தப்பு முதலில், ரிலீஸ் வேலை அடுத்து, சப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி அதற்கடுத்து. எழுத்துப்பிழையை வரிசையில் நிறுத்தாமல் பார்த்த உடனே திருத்திவிடுங்கள். யார் சத்தமாகக் கேட்டார் என்பது வரிசையில் சேராது, மேலிடத்துச் சத்தம் தவிர. (அதற்கு மருந்து கிடையாது.)

விவரம் வராமல் தொங்கும் டிக்கெட்டை "பதிலுக்காகக் காத்திருக்கிறது" என்று மாற்றி, பதில் தர வேண்டியவர் பெயருக்கே அசைன் செய்யுங்கள். டீம் தினமும் கூடும் சின்ன மீட்டிங்கான ஸ்டாண்ட்அப்பில் அது அவர் பெயரில் தெரியட்டும். அதற்கும் அசையவில்லை என்றால், இரண்டு ரிலீஸ் போனதும் மூடிவிடுங்கள். தேவைப்பட்டால் திரும்பத் திறக்கலாம் என்று ஒரு வரி மட்டும் மறக்காமல் போட்டுவிட்டு.