குடியை விட்ட பிறகு என்ன சாப்பிடுவது, எந்த மாத்திரை வாங்குவது

குடியை நிறுத்தியவர் வீட்டில் முதல் வாரம் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மனைவியோ அம்மாவோ உடம்பு தேறட்டும் என்று மைலோ கரைத்துக் கொடுப்பார், இளநீர், 100 பிளஸ், வெள்ளைச் சோறு என்று மாற்றி மாற்றி வரும், சிங்கப்பூர் தேக்கா பக்கம் யாரோ சொன்னார்கள் என்று "ஈரலைச் சுத்தம் செய்யும்" டப்பா ஒன்றும் வந்து சேரும். எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனால் எதை முதலில் கொடுப்பது, எதைப் பிறகு கொடுப்பது என்ற வரிசை இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியம், அதை யாரும் வீட்டில் சொல்லிக் கொடுப்பதில்லை. நிறுத்தியவருக்கும் அவருக்குச் சமைத்துப் போடுபவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கும் முந்திய விஷயம் ஒன்று இருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவர், காலையில் கை நடுக்கத்தை அடக்கவே ஒரு வாய் ஊற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்தவர், தானாக வீட்டில் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளைப் பார்ப்பது, பிதற்றுவது, உடம்பு கொதிப்பது என்று போனால் உயிருக்கே ஆபத்து. எந்த வைட்டமினும் இதைத் தடுக்காது, அதற்கென்று மருந்து இருக்கிறது, டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் இருக்கும் நாம்ஸ் என்கிற தேசிய போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு இதற்காகவே இருக்கிறது, அவர்களுடைய உதவி எண் 6732 6837. பலதுறை மருந்தகத்திலும் கேட்கலாம், அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்க வேண்டாம், 995-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முதலில் பி1

தயமின் என்கிற வைட்டமின் பி1 தான் எல்லாவற்றுக்கும் முன்னால். உடம்பில் இதன் சேமிப்பே சுமார் 30 மில்லிகிராம்தான், சாப்பாட்டில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். குடிப்பவருக்கு மூன்று பக்கமும் அடி: சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதையும் குடல் இழுத்துக்கொள்வதில்லை, இழுத்ததை ஈரல் சேமிப்பதில்லை. சரி, இதற்கும் மைலோவுக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரையையும் மாவுச்சத்தையும் சக்தியாக மாற்ற உடம்புக்கு பி1 வேண்டும். வெறுமையாகிப்போன உடம்புக்குள் திடீரென்று இனிப்பும் சோறுமாகக் கொட்டினால் மிச்சமிருக்கும் கொஞ்ச பி1-உம் அதிலேயே செலவாகி, மூளைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அதனால்தான் குடிநோயாளி அவசரப் பிரிவுக்குப் போனால் குளுக்கோஸ் ஏற்றும்போது பி1 ஊசியையும் கூடவே போட்டுவிடப் பார்ப்பார்கள்.

தட்டுப்பாடு முற்றினால் வருவதை வெர்னிக்கே நோய் என்பார்கள். ஆள் குழம்பிப் போவார், பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும் அல்லது கருவிழி நிலையில்லாமல் ஆடும், நடந்தால் கால் தள்ளாடும். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒன்று மட்டும்கூட வரலாம். இதில் கொடுமை என்னவென்றால், பார்ப்பவர்கள் "மறுபடி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்" என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். நிறுத்திய ஆள் குடிக்காமலேயே தள்ளாடினால் உடனே மருத்துவமனை, அன்றே ஊசி போட்டாக வேண்டும். விட்டுவிட்டால் நிரந்தர மறதியில் கொண்டுபோய் நிறுத்தும், காலையில் பேசியது மதியம் நினைவில் இருக்காது.

மாத்திரையாக என்றால் டாக்டர்கள் வழக்கமாக 100 மில்லிகிராம் தயமின் எழுதுவார்கள், தேவையைப் பொறுத்து ஒரு நாளைக்கு ஒன்று முதல் மூன்று வேளை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கார்டியனிலோ வாட்சன்ஸிலோ விற்கும் சாதாரண மல்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் தயமின் என்று போட்டு எதிரே 1.5 மில்லிகிராம் என்றோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். நன்றாகச் சாப்பிடும் ஆளுக்கு அது போதும், குடித்துக் காய்ந்த உடம்புக்கு எந்த மூலைக்கும் காணாது. தனி பி1 மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள், விலையும் அதிகமில்லை.

அதே டப்பாவில் இன்னொரு வரியையும் பாருங்கள்: பி6. கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்று குடியை விட்டவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள், நரம்பு பாதிப்பால் வருவது அது. உடனே "நரம்புக்கு நல்லது" என்று ஒரு பி கூட்டு மாத்திரை கைக்கு வந்துவிடும். அவற்றில் சிலவற்றில் பி6 மட்டும் 100, 200 மில்லிகிராம் வரை இருக்கும். அந்த அளவை மாதக்கணக்கில் விழுங்கினால் பி6-ஏ நரம்பைக் கெடுத்து அதே எரிச்சலையும் மரமரப்பையும் உண்டாக்கும், ஆளோ இன்னும் குணமாகவில்லை என்று நினைத்து இன்னும் ஒன்று கூடப் போடுவார். நீண்ட நாள் போடப் போகிறீர்கள் என்றால் பி6 குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மருந்தாளரிடம் டப்பாவைக் காட்டிக் கேளுங்கள். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது பி2 செய்கிற வேலை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வருடத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்கிற பி1 குறைபாட்டு நோய் ஆட்களைக் கொன்று குவித்தது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் அது அதிகமாகவும், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்ததை அப்போதைய டாக்டர்கள் கவனித்தார்கள். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் 1905-இல் இரண்டு அரிசியையும் இரண்டு பிரிவாகக் கொடுத்தே பார்த்தார், புழுங்கல் அரிசிப் பக்கம்தான் தப்பித்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, காரணம் அவ்வளவுதான். நம் தாத்தா பாட்டியைக் காப்பாற்றிய அரிசி தேக்கா கடைகளில் இன்றும் கிடைக்கிறது, நாம்தான் வாசனை அரிசிக்கு மாறிவிட்டோம். வீட்டுக்கு மறுபடி புழுங்கல் அரிசி வாங்குங்கள், நாலைந்து தடவை தேய்த்துக் கழுவாதீர்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். மாத்திரைக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்திய பிறகும் உடம்பைக் காப்பது இதுதான்.

சாப்பாட்டு நேரம்

பல நாள் ஏறக்குறைய பட்டினியாகக் கிடந்து குடித்தவர் என்றால் முதல் நாளே பிரியாணி கூடாது. ஐந்து நாளுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று நிறையச் சோறு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரசரவென்று விழும், இதயத் துடிப்பே கெட்டுப்போகலாம். அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் வைத்து ரத்தம் பார்த்துக்கொண்டே சாப்பாட்டைக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து ஆறு வேளையாக: பயத்தம்பருப்பு போட்ட கஞ்சி, அதில் வறுத்த இக்கான் பிலிஸ் (நெத்திலி), அவித்த முட்டை, மீன் சூப். வயிறு புண்ணாகியிருக்கும், சம்பலும் மிளகாயும் ஒரு வாரம் காத்திருக்கட்டும். சாப்பிட்டதும் மேல் வயிற்றில் குத்தி முதுகு வரை வலி போனால் கணையமாக இருக்கலாம், வாயுவென்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

அப்புறம் வருவது நேரம். குடி ஆசை எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும் சாயங்காலத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு அது பிடித்து உலுக்கும். மதியம் 12 மணிக்குச் சாப்பிட்டவருக்கு 6 மணிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும்: கை லேசாக நடுங்கும், வியர்க்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். பசியும் குடி ஆசையும் உடம்புக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், பல வருடம் அந்த நேரத்தில் உள்ளே போனது பீர் என்பதால் மனசும் பீரைத்தான் கேட்கும். அதனால் 4, 5 மணிக்கே எதையாவது சாப்பிட்டாக வேண்டும். பையில் வைத்திருக்க வேண்டியது பெரிய விஷயமே இல்லை: இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, வாழைப்பழம். சுண்டல் இன்னும் நல்லது. கட்டுமான வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு இது ரொம்பப் பொருந்தும், காலையிலேயே வந்துவிடும் சாப்பாட்டுப் பொட்டலம் மதியத்துக்குள் ஆறிப்போய் பாதி குப்பைக்குப் போகிறது, மாலை விடுதிக்குத் திரும்பும்போது வயிறு காலியாக இருக்கிறது. அந்த வெறும் வயிற்றோடு பீர் மேசைகள் நிறைந்த காப்பிக்கடைக்குச் சாப்பிடப் போகாதீர்கள், முதல் சில மாதம் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இனிப்பு ஆசை பயங்கரமாக வரும், அது இயல்பு. முதல் மாதங்களில் ஒரு பழமோ சின்ன ஐஸ்கிரீமோ சாப்பிட்டு அந்த மணி நேரத்தைத் தாண்டுவது எனக்குத் தவறாகத் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் யாராலும் முடியாது. ஆனால் கெட்டிப்பால் ஊற்றிய தே ஒரு நாளைக்கு ஐந்தாறு என்று போனால் வேறு வியாதி வரும், சர்க்கரை போடாமல் ஆவிப்பால் மட்டும் ஊற்றிய தே சி கோசோங் பழகுங்கள். கோப்பி மதியத்தோடு நிற்கட்டும், குடியை விட்டவருக்குத் தூக்கம் வருவதே பெரும் பாடு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் குடியை விட்டதை டாக்டரிடம் சொல்லி அளவை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரதம்தான் தேய்ந்துபோன தசையை மீட்கும். ஈரல் பாதிப்பு இருந்தால் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை சொல்வார்கள், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, தோசையும் சட்னியும் மட்டும் சாப்பிட்டு அந்த அளவை எட்டவே முடியாது. கறிச்சோறு கடையில் தட்டை நீட்டும்போது சோற்றைக் குறைத்து மீனோ கோழியோ ஒரு துண்டு, தவ்குவா (கெட்டி டோஃபு) ஒரு துண்டு, கீரை ஒரு கரண்டி என்று கேளுங்கள். ஈரல் கெட்டவருக்குப் புரதமே ஆகாது என்பது பழைய பேச்சு, இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஈரல் சுருக்க நோய் இருந்தால் இரவு படுக்கும் முன் பாலும் ரொட்டியும் மாதிரி ஏதாவது அவசியம், அந்த ஈரலால் இரவு முழுக்கத் தாங்கும் சர்க்கரையைச் சேமிக்க முடியாது, விடிவதற்குள் தசையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயும் கருவாடும் அப்போது வேண்டாம். லக்சாவில் அரைவேக்காட்டில் போடும் கெராங் என்கிற மட்டியையும் பச்சைச் சிப்பியையும் தொடவே வேண்டாம், கெட்ட ஈரலோடு அதிலிருக்கும் கிருமி சேர்ந்தால் ரத்தமே விஷமாகிவிடும்.

மற்ற மாத்திரைகள்

மெக்னீசியம் முக்கியம், அது குறைந்திருந்தால் போட்ட பி1-உம் சரியாக வேலை செய்யாது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர் கேட்காமல் போடக் கூடாது, அதிகமானால் வயிற்றோட்டமும் வரும். ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். சைவம் சாப்பிடுபவர் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபோலிக் மட்டும் போட்டால் பி12 குறைவு மறைந்து நின்று நரம்பைக் கெடுக்கும். நாக்கில் ருசியே தெரியவில்லை என்றால் துத்தநாகம் குறைந்திருக்கலாம். வைட்டமின் டி-யை ரத்தம் பார்த்துப் போடலாம்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. வைட்டமின் ஏ தனி மாத்திரை ஈரலுக்கு நேரடியாகக் கெடுதல், மீன் ஈரல் எண்ணெயிலும் அது இருக்கிறது. ரத்தசோகை மாதிரி இருக்கிறதே என்று இரும்புச்சத்தைத் தானாகப் போடாதீர்கள், குடித்த ஈரலில் ஏற்கனவே இரும்பு தேங்கியிருக்கக்கூடும். பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் அமுக்கரா மாத்திரையும் சிலருக்கு ஈரலைத் தாக்கியிருக்கின்றன. கீழாநெல்லி நம்மிடம் காலம்காலமாக இருப்பதுதான், எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு, ஆனால் குடியால் கெட்ட ஈரலை அது மீட்கும் என்று நிரூபணமாகவில்லை, அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கடையில் அடுக்கியிருக்கிறது என்பதாலேயே யாரோ சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. தலைவலிக்கு பேனடால் போட்டால் எத்தனை மாத்திரை வரை போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், அட்டையில் இருக்கும் உச்ச அளவு உங்களுக்கானதல்ல.

மறுபடி குடிக்காமல் இருக்க டாக்டர் எழுதித் தரும் டைசல்பிரம் மாத்திரை சாப்பிடுபவருக்கு மது எந்த வடிவில் போனாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து வாந்தி வரும். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், சீன சமையல் ஒயின் ஊற்றிய இறால், சூப், ரம் கேக், புளிக்கவைத்த தாப்பாய் பலகாரம் எல்லாமே கணக்கில் வரும். அந்த மாத்திரை சாப்பிடாதவரும் இவற்றை ஒதுக்கிவைப்பது நல்லது, ஒரு துளி வாசனையே பழைய ஆசையைக் கிளப்பும்.

அடுத்த தடவை மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், அந்த ஈரல் டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஈரல் சோதனை, ரத்த எண்ணிக்கை, மெக்னீசியம், பாஸ்பேட், ஃபோலிக், பி12, சர்க்கரை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பி1-ஐ எத்தனை மாதம் தொடர்வது என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் சறுக்கிக் குடித்துவிட்டாலும் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், குடித்த நாளில்தான் அது இன்னும் அதிகம் தேவை.