வளர்த்த பல்லி, பாம்பு, ஆமையை மீட்பு இல்லத்தில் ஒப்படைப்பது எப்படி? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பியர்டட் டிராகன், லெப்பர்டு கெக்கோ என்ற பல்லிகள், கார்ன் ஸ்நேக் என்ற பாம்பு எல்லாம் பிரிட்டனில் கடையிலேயே கிடைக்கும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிது. பிள்ளை ஆசைப்பட்டது என்று ஒருவர் வாங்குவார். ஊர் திரும்பும் அறைத்தோழர் விட்டுப்போனதை இன்னொருவர் ஏற்றுக்கொள்வார். லெப்பர்டு கெக்கோ 15 முதல் 20 ஆண்டு வாழும், ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு 30ஐத் தொடும், தரை ஆமை 50ஐயும் தாண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். அதற்குள் வாடகை வீடு மாற வேண்டியிருக்கும், கைக்குழந்தை வந்திருக்கும், அல்லது ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்று தொடங்கியிருப்பார்கள். காரணம் எதுவானாலும் ஒப்படைப்பது குற்றமில்லை. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இங்கே இதை 'சரண்டர்' என்பார்கள்.

ஆனால் இன்று போன் செய்து நாளை கொண்டுபோய் விட முடியாது. பெரும்பாலான இடங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆர்எஸ்பிசிஏ, ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் எஸ்பிசிஏ, வட அயர்லாந்தில் யுஎஸ்பிசிஏ ஆகியவை எல்லாப் பிராணிகளுக்குமான பொது நல அமைப்புகள். அடிபட்ட, கொடுமைக்குள்ளான பிராணிகளுக்கே அங்கே முன்னுரிமை. ஊர்வனவற்றுக்கென்றே இயங்கும் இல்லங்களையும் தேடுங்கள். கென்ட்டில் டன்பிரிட்ஜ் அருகே ஹாட்லோவில் உள்ள தேசிய ஊர்வன நல மையம் அப்படிப்பட்ட ஒன்று. வீடு மாறும் தேதி தெரிந்த அன்றே இரண்டு மூன்று இடங்களை அழையுங்கள். கடைசி வாரத்தில் அழைத்தால் கூண்டு காலியில்லை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

முடிவெடுத்த நாளுக்கும் ஒப்படைக்கும் நாளுக்கும் நடுவில் உள்ள அந்த வாரங்களில்தான் பிராணி கெட்டுப்போகிறது. 'எப்படியும் போகப்போகிறதுதானே' என்று மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து கூண்டைச் சூடாக்கும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஊர்வனவற்றின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது. வயிற்றிலேயே அழுகும், பாம்பு கக்கிவிடும், நுரையீரலில் சளி கட்டும். பியர்டட் டிராகன் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30 போதும். பகல் விளக்கை இரவில் அணைக்கலாம், அறை 18 டிகிரிக்குக் கீழே போகாத வரை. விளக்கு கெட்டுப்போனால் புதியது வரும்வரை உணவு கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள்.

போனில் கேட்பதற்கெல்லாம் பதிலை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன இனம், எத்தனை வயது, எடை, கடைசியாக எப்போது தின்றது, எப்போது கழித்தது, எப்போது சட்டை உரித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள். எடை பார்க்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது சமையலுக்கு ஆகாது. இனத்தின் பெயரில் சந்தேகம் இருந்தால் தலை, முதுகு, வயிறு மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். நோயை மறைக்க வேண்டாம். தாடை ரப்பர் போல வளைகிறதா, கால் கோணியிருக்கிறதா, விரல் நடுங்குகிறதா? புற ஊதா விளக்கும் கால்சியமும் போதாமல் எலும்பு மெலிந்ததன் அடையாளங்கள் இவை. சொன்னால் முதல் நாளே மருத்துவம் தொடங்கும். சொல்லாவிட்டால் பிடித்துத் தூக்கும்போதே எலும்பு முறியலாம்.

காகிதங்களில் முக்கியமானது தரை ஆமைக்கு உரியது. ஹெர்மன் ஆமை, ஸ்பர்-தை ஆமை, நம் நட்சத்திர ஆமை போன்றவற்றை விற்க வேண்டுமென்றால் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழ் என்ற அரசு அனுமதி தேவை. அதில் பெரும்பாலும் மைக்ரோசிப் எண் இருக்கும். நீங்கள் விற்கவில்லை, சும்மாதான் கொடுக்கிறீர்கள் என்றாலும் சான்றிதழ் ஆமையோடு போகட்டும், அது சட்டப்படி வந்த ஆமை என்பதற்கு அதுவே ஆதாரம். பிராணி பிள்ளையுடையதாக இருந்தாலும் 16 வயதுக்குட்பட்டவர் வளர்க்கும் பிராணிக்குச் சட்டப்படி பொறுப்பு பெரியவருடையதுதான். படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும். உரிமையை முழுவதுமாக மாற்றிக் கொடுக்கும் கையெழுத்து அது. மறுவாரம் மனம் மாறினாலும் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளைக்கு இதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

சிவப்புக் காது டெராப்பின் என்ற நீர் ஆமையின் விஷயம் தனி. முன்பு கடையில் வாங்கும்போது பிஸ்கட் அளவில் இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தொட்டி நாறும். அந்த இனமும் அதன் மஞ்சள் வயிற்றுச் சகோதரமும் 2016 முதல் அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் உள்ளன. விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்யவிடக் கூடாது. அதனால் எல்லா இல்லங்களாலும் இவற்றை ஏற்க முடியாது. 'டெராப்பின் வாங்குவீர்களா, அதற்கு அனுமதி இருக்கிறதா' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பூங்காக் குளத்தில் விடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அந்நிய இனத்தை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. குற்றத் தீர்ப்புகளை விசா, குடியுரிமை விண்ணப்பங்களில் கேட்பார்கள். இந்தக் குளிரில் அந்தப் பிராணி படும் பாடு அதைவிடக் கொடியது. 'இலவசம்' என்று இணையத்தில் விளம்பரம் போடுவதும் நல்லதல்ல. தொட்டிக்காக வந்து வாங்கி, பிராணியைக் கை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.

கொண்டுபோகும் நாளுக்கு முன் பாம்புக்குக் குறைந்தது 48 மணி நேரம் இரை வேண்டாம், ஐந்து நாள் என்றால் இன்னும் நல்லது. குலுக்கலில் கக்கினால் உடம்பு மிகவும் தளரும். பல்லி வகைக்கு ஒரு நாள் போதும்.

பாம்பைப் பையில் போட ஒரு பழைய பருத்தித் தலையணை உறையே போதும். உள்பக்கம் நூல் பிரிந்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள், பிரிந்த நூல் உடம்பைச் சுற்றி இறுகிவிடும். உறையைத் திருப்பிக் கையுறை போலக் கையில் மாட்டிக்கொண்டு, பாம்பின் நடு உடலை மெல்லப் பிடித்து, உறையை அதன்மேல் உருட்டி இழுங்கள். வாயைப் பலமுறை முறுக்கி, பாம்பு கீழே இறங்கிவிட்டதை விரலால் உணர்ந்த பிறகே முடிச்சுப் போடுங்கள். அந்தப் பையை, மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். கண் நீலம் பாரித்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கும் காலம், முடிந்தால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

பல்லி வகைக்குக் காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் துண்டு. டெராப்பினைத் தண்ணீர் வாளியில் தூக்கிப்போகக் கூடாது, கார் திரும்பும்போது அடிபடும். ஈரத்துண்டு விரித்த பெட்டி போதும். தூக்கும்போது ஓட்டின் பின்பாதியில் இரு கையாலும் பிடித்து உடம்பிலிருந்து தள்ளி வையுங்கள். நகம் கீறும், பயத்தில் மூத்திரம் பெய்யும். குளிர்காலமென்றால் டப்பாவைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையை டப்பாவுக்கு வெளியே ஒட்டினாற்போல வையுங்கள். காரின் பின்பெட்டியில் வைக்க வேண்டாம்.

தொட்டி, விளக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முடிந்த அளவு நன்கொடையும் கொடுங்கள், இந்த இல்லங்கள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. பாம்புக்கு இரையாக வாங்கிய எலிப் பொட்டலம் ஃப்ரீசரில் பிரிக்காமல் மிச்சமிருந்தால் உறைந்த நிலையிலேயே கொண்டுபோங்கள், அவர்களுக்குப் பயன்படும்.

திரும்பி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது ஆபத்து. வீட்டில் மிஞ்சிய தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். பல்லிக்கு இரையாக வாங்கி மீந்த சில்வண்டு, வெட்டுக்கிளிகளைத் தோட்டத்தில் விடாமல் பெட்டியோடு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். புற ஊதா குழல் விளக்கில் பாதரசம் உண்டு, அதை மட்டும் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.