ட்ரோன் படம் கைக்கு வந்தாச்சு, அடுத்து என்ன செய்வது?

நகராட்சியிலோ பேரூராட்சியிலோ வரைபட வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். ஊரை மேலிருந்து எடுத்த படம் பெரும்பாலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேரும். அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டால், ஐந்து வருஷம் கழித்துக் கண்மாய்க் கரையில் யாராவது சுவர் எழுப்பும்போது முன்னே எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

முதலில் இடம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பிக்சல் தரையில் 5 செ.மீ. என்றால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 1.2 ஜிபி. 15 சதுர கிலோமீட்டர் ஊருக்கு 18 ஜிபி. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சலே 10 மீட்டர், அதில் ஏரி தெரியும், வீட்டுச் சுவர் தெரியாது. அதனால்தான் இந்த டிஸ்க்கை இவ்வளவு பத்திரமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

படி 1: அசலைத் தொடாதீர்கள். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். நகல் சரியாக வந்ததா என்று பார்க்க, செவன்-ஜிப் (ஃபைல் சுருக்கும் மென்பொருள்) இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது அந்த ஃபைலின் கைரேகை போன்ற நீண்ட எண்ணை எடுத்து, அசலின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் நகல் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

படி 2: படம் சரியான இடத்தில் உட்காருகிறதா? புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டின் நடுவே 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருநெல்வேலி எல்லாம் யூடிஎம் (பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 43, கிழக்கே சென்னை, திருச்சி, மதுரை, சேலம் எல்லாம் மண்டலம் 44. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் படத்தைத் திறந்து, லேயர் ப்ராப்பர்ட்டீஸில் இன்ஃபர்மேஷன் பக்கத்தைப் பாருங்கள், 32643 (மண்டலம் 43) அல்லது 32644 (மண்டலம் 44) என்று இருக்கும். மதுரைப் படத்துக்குத் தவறுதலாக 43 என்று போட்டு வந்திருந்தால், ஊரே 650 கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் போய் விழும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது, அரை நாள் போனது. இதைத் திருத்த, ஃபைலில் பதிந்த மண்டல எண்ணை மட்டும் மாற்றும் 'அசைன் ப்ரொஜெக்‌ஷன்' போதும். 'வார்ப்' (படத்தை வேறு மண்டலத்துக்கு மாற்றிக் கணக்கிடுவது) போட்டீர்களோ, எண்கள்தான் மாறும், படம் அதே தவறான இடத்திலேயே கிடக்கும். அசைன் ஃபைலையே மாற்றிவிடும், ஆகவே நகலில் மட்டும் செய்யுங்கள்.

படி 3: தினசரி வேலைக்கு ஒரு சின்னப் பிரதி. ராஸ்டர் மெனுவில் டிரான்ஸ்லேட் போய் ஜேபெக் சுருக்கம், டைல்டு (படத்தைச் சிறு கட்டங்களாகச் சேமிப்பது) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபியைத் தாண்டும் என்று தோன்றினால் பிக்டிஃப்பும் (பெரிய ஃபைல்களுக்கான டிஃப் பட வடிவம்) வேண்டும், சாதாரண டிஃப் அதற்கு மேல் தாங்காது. அப்புறம் 'பில்ட் ஓவர்வியூஸ்', அதாவது படத்தின் சிறிதாக்கிய பிரதிகளை முன்கூட்டியே செய்து வைப்பது. இதைச் செய்யாவிட்டால் ஊர் முழுவதையும் பார்க்க விரிக்கும்போதெல்லாம் கணினி திணறும். படம் பல துண்டுகளாக வந்திருந்தால் ஒட்ட வேண்டாம், துண்டுகளை ஒரே படமாகக் காட்டும் சின்னக் குறிப்பு ஃபைலை உண்டாக்கும் 'பில்ட் விர்ச்சுவல் ராஸ்டர்' போதும்.

படி 4: பெயரும் குறிப்பும். ஊர், பறந்த தேதி, பிக்சல் அளவு, மண்டல எண், நான்கும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும். 'ஃபைனல் புதுசு 2' என்று ஒரு ஃபோல்டரைப் பார்த்தால் உடனே பெயரை மாற்றுங்கள். யார் எடுத்தார்கள், யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்பதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பக்கத்திலேயே வையுங்கள். டிஸ்க்கில் ஃபைல் தேதி என்று காட்டுவது நகல் எடுத்த தேதியாக இருக்கலாம், பறந்த தேதியைப் படம் எடுத்தவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

கூகுள் செயற்கைக்கோள் படத்தை மொத்தமாக இறக்கி நம் படத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது, அவர்களுடைய நிபந்தனைகள் அதை அனுமதிப்பதில்லை.

கடைசியாக, பொது சர்வரில் வைக்கும் பிரதியைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். வரி வசூல் பிரிவும் குடிநீர்ப் பிரிவும் அங்கிருந்தே திறந்துகொள்ளட்டும், ஆளுக்கொரு பென் டிரைவில் எடுத்துப்போக வேண்டியதில்லை.