குடில் கட்டுகிற கையோடு ஒரு ராட்சத நாய்

டிசம்பர் முழுக்க எனக்குக் கிறிஸ்துமஸ் குடில் வேலை. ஒட்டகம், ஆடு, கழுதை என்று கட்டி முடித்து நிமிர்ந்தால், அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். போன தடவை கேட்டது டயர் ஓநாய் (dire wolf, ஓநாய் மாதிரி இருந்து அழிந்துபோன விலங்கு), அதுவும் குதிரை உயரத்தில். அசல் டயர் ஓநாய்க்கு எடை 60, 70 கிலோதான் மக்கா. பெரிசுதான் வேண்டுமென்றால் எபிசியான் (Epicyon) என்கிற, அழிந்துபோன ராட்சத நாயைக் கட்டுங்கள். இதுவரை தெரிந்த நாய்க் குடும்பத்திலேயே பெரியது அதுதான். 100 கிலோவைத் தாண்டும்.

தோள் உயரம் சுமார் 3 அடி, மூக்கிலிருந்து வால் நுனிவரை கிட்டத்தட்ட 8 அடி. இதற்குமேல் உயர்த்த வேண்டாம். நெஞ்சையும் கழுத்தையும் தடிமனாக்குங்கள். மூங்கில் பிளாச்சைக் கட்டுக்கம்பியால் முறுக்கிச் சட்டம் கட்டலாம். நாய்க்கால் விரலில் நிற்கும், குதிகால் தரையில் படாது.

தலைதான் முக்கியம். ஓநாய் மாதிரி நீட்டிவிட்டால் போச்சு. இது எலும்பு நொறுக்கும் இனம், முகவெட்டு கழுதைப்புலிக்குக் கிட்டே வரும்: மூஞ்சி குட்டை, நெற்றி மேடு. தாடைக்கு நல்ல அகலமான கொதும்பு (தென்னம்பாளையை மூடியிருக்கும் மடல்) இரண்டு எடுத்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள், காய்ந்ததை வெட்டினால் நீளவாக்கில் பிளந்துவிடும். ஒன்றரை சாணுக்கு நறுக்கி, ஒன்றைக் கவிழ்த்து ஒன்றை நிமிர்த்திக் கட்டினால் வாய் தயார். கோரைப்பல்லுக்குச் சிரட்டைச் சில்லு போதும், வளைவு அதிலேயே இருக்கிறது. ஆனால் எலும்பை உடைத்தது கோரைப்பல் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் நாலாவது முன்கடைவாய்ப்பல். அதை மட்டும் மரத்துண்டில் கட்டையாக, கூம்பாகச் செதுக்கி, மற்றப் பல்லைவிடப் பெரிதாக வையுங்கள்.

மேலே மைதாப் பசையில் செய்தித்தாள், நாலைந்து அடுக்கு. பசை காய்ச்சும்போது கொஞ்சம் துருசு (மயில்துத்தம்) சேர்த்தால் எலி வராது. பிள்ளைகள் அதில் கைவைக்க வேண்டாம், விஷம். ரோமத்துக்குக் கதம்பல் தும்பு, அதாவது தேங்காய் நார். நிறம் உங்கள் இஷ்டம், புதைபடிவத்தில் கிடைத்தது எலும்பும் பல்லும்தான்.

பலகையில் 'வட அமெரிக்கா, சுமார் 1.2 கோடி முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதுங்கள். நம்ம மேற்கு மலையில் திரிந்தது என்று யாராவது அள்ளிவிட்டால் திருத்துங்கள். டயர் ஓநாயும் அமெரிக்கக் கண்டங்களில்தான், ஆனால் எத்தனையோ லட்சம் ஆண்டுகள் பிந்தியது. லாஸ் ஏஞ்சல்ஸ் தார்க்குழிகளில் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட டயர் ஓநாய்களின் எலும்பு கிடைத்திருக்கிறது. 2021-இல் மரபணுவைப் பார்த்து, அது இன்றைய ஓநாய்க்கு நெருங்கிய உறவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம், வாலைக் கம்பியில் செருகிக் கழற்றும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோவில் ஏறாது.